கவிழ்ந்த பிறகு யார் நிமிர்த்துவது? தனி ஆளுக்கும் இருவருக்குமான சின்ன கேட்டமரான்கள்

டாலஸில் இருக்கும் நண்பர் ஒருவர் பாய்ப்படகு வாங்கப்போகிறார். ஹோபி 16, ஹோபி வேவ், பழைய ஹோபி 14, ஹோபி கெட்அவே என்று நான்கையும் அட்டவணை போட்டு அனுப்பினார். எல்லாம் ஹோபி நிறுவனத்தின் கேட்டமரான்கள், அதாவது இரண்டு மிதவைகளை நடுவே தளத்தால் இணைத்த படகுகள். நீளம், அகலம், எடை, பாயின் பரப்பு, விலை எல்லாம் இருந்தன. ஒரு வரி மட்டும் இல்லை: கவிழ்ந்த படகை நிமிர்த்த எத்தனை கிலோ ஆள் வேண்டும்? நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். தனியாகவோ இருவராகவோ ஓட்டுகிறவர்களுக்கு மற்ற எல்லாக் கேள்விகளும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

நான்கு வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதம், டாலஸுக்கு அருகே லூயிஸ்வில் ஏரி. இரவல் வாங்கிய பதினாறடிப் படகு. கூட வருவதாக இருந்தவர் வரவில்லை. காற்று 14 நாட் இருக்கும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். ஏரி முழுக்க நுரை தலைகாட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீச்சில் படகு பக்கவாட்டில் படுத்தது. நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழ் மிதவையில் நின்று, என்னால் முடிந்தவரை பின்னால் சாய்ந்தேன். பாய்மரத்தின் நுனி தண்ணீரைவிட்டு ஒரு முழம் எழும்பியது, திரும்பப் படுத்தது. முக்கால் மணி நேரம் இதையே செய்தேன். மீன்பிடிக்க வந்த ஒருவர் மோட்டார் படகில் வந்து பாய்மர நுனியைத் தூக்கிக் கொடுத்த பிறகுதான் எழுந்தது. என் எடை 68 கிலோ. படகில் எந்தக் குறையும் இல்லை. அந்தப் படகுக்கு நான் ஒருவன் போதவில்லை, அவ்வளவுதான்.

கேட்டமரான் அகலமானது, அதனால் கவிழாது என்று பலர் நம்புகிறார்கள். அகலத்தால் நிலையாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் அடியில் ஏரா எனும் கனமான அடிக்கட்டை கிடையாது. ஒரு சாய்வைத் தாண்டிவிட்டால் தானாகத் திரும்பி வராது. படுத்த நிலையில் படகின் எடை பெரும்பாலும் கீழ் மிதவைக்கு நேர் மேலேதான் நிற்கும். நம்மை எதிர்த்து இழுப்பது பாய்மரமும், அதில் ஒட்டிக் கிடக்கும் நனைந்த பாயும், பாயின் மேல் நிற்கும் தண்ணீரும். ஆகவே படகின் எடையைவிடப் பாய்மரத்தின் நீளமும் பாயின் பரப்பும்தான் நிமிர்த்துவதைத் தீர்மானிக்கின்றன. பாய்மரத்தின் அடைப்புகள் கசிந்து உள்ளே தண்ணீர் புகுந்தால் படகு முழுத் தலைகீழாகிவிடும். அதன்பின் கதை வேறு.

இனி படகுகளுக்கு வருவோம்.

ஹோபி 16-ஐ முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் எல்லாப் பேச்சும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது. கலிஃபோர்னியாவில் சர்ஃபிங் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் 1968-இல் ஹோபி 14-ஐக் கொண்டுவந்தார். அடுத்து, அலைச்சறுக்கு வீரர் ஃபில் எட்வர்ட்ஸோடு சேர்ந்து இந்தப் பதினாறை வடிவமைத்தார். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ, பாய்மரம் இருபத்தாறரை அடி, பெரும்பாயும் முன்பாயும் சேர்ந்து 218 சதுர அடி. மணற்கரையிலிருந்து அலையைக் கிழித்துக்கொண்டு தள்ளிவிடத்தான் இதைச் செய்தார்கள். அதனால், படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை கிடையாது. சுக்கான்கள் தரை தட்டினால் மேலே மடங்கிக்கொள்ளும். பலகைக்குப் பதிலாக மிதவையின் வடிவமே வேலை செய்கிறது: வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் வளைவு. காற்றில் சாயும்போது அழுந்தும் மிதவை படகைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளிக்கொடுக்கும். அழகான யோசனை.

கேட்டமரான் என்பது நம் கட்டுமரமா என்று நம் ஆட்கள் எல்லோருக்கும் வரும் கேள்விக்கும் இந்த இடத்தில் பதில் சொல்லிவிட வேண்டும். பெயர் நம்முடையதுதான். சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதிவைத்தவர் ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர். அவருடைய பயணக் குறிப்புகள் 1697-இல் அச்சேறின. ஆனால் நம் கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டிய மிதவை. இரட்டை மிதவையும் நடுவே தளமும் கொண்ட வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது. 1947-இல் ஹவாயில் வுடி பிரவுனும் கூட்டாளிகளும் கட்டிய மனு காய் என்ற படகின் வழியாக அது கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தது. பெயர் ஒரு கரையிலிருந்தும் உருவம் இன்னொரு கரையிலிருந்தும் வந்த படகு இது. எனக்கு இதில் பெருமை குறையவில்லை. அலை உடையும் கரையில் படகை எப்படித் தள்ளுவது என்பதுதான் இரண்டு மக்களும் விடை தேடிய கேள்வி.

பதினாறுக்குத் திரும்புவோம். ஆள் படகுக்கு வெளியே சாய்ந்து நிற்க உதவும் டிராபீஸ் கம்பியில் தொங்கி, ஒரு மிதவை தண்ணீரைவிட்டு எழும்பி, பின்னால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை இந்த விலையில் வேறு எந்தப் படகும் தராது. ஆனால் அது இருவருக்கான படகு. பந்தய விதியே இருவரின் சேர்ந்த எடை 285 பவுண்டுக்கு, அதாவது 129 கிலோவுக்கு, குறையக் கூடாது என்கிறது. நிமிர்த்துவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு எடை வேண்டும் என்பதுதான் என் அனுபவம். தனி ஆளாக இதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீர் மொண்டு தொங்கவிடும் பையை எப்போதும் உடன் வைத்திருப்பார்கள். கயிற்றில் அந்தப் பையும் ஆளும் சேர்ந்து தொங்கினால் எடை ஈடாகும். வேலை செய்யும் வழிதான். ஆனால் குளிர்ந்த நீரில், கை மரத்த நிலையில், அலையில் ஆடும் மிதவையில் நின்றுகொண்டு அந்தப் பையை நிரப்பிப் பாருங்கள்.

இன்னொரு சிரமம், காற்றின் ஊடே அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, திருப்புவது. நல்ல வேகத்தோடு நுழைய வேண்டும். முன்பாயை உடனே விடாமல், எதிர்ப்பக்கம் காற்று பிடித்து அணியத்தைத் தள்ளும்வரை வைத்திருக்க வேண்டும். அணியம் காற்றைக் கடக்கும்போது பெரும்பாயின் தாமானை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, தளர்த்த வேண்டும். படகு பின்னோக்கி நகர்ந்தால் சுக்கானை எதிர்ப்பக்கம் மாற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் பழகிவிட்டால் இது நடனம்போல வரும். தனி ஆள் முன்பாயைச் சுருட்டிவிட்டுப் பெரும்பாயோடு மட்டும் போனால், பாதித் திருப்பத்தில் காற்றை நோக்கியபடி நின்றுவிடும். மூன்றாவது, பக்கக் காற்றில் வேகம் ஏறும்போது மெலிந்த அணியங்கள் தண்ணீரில் குத்தும். உடனே பின்னால் நகரவில்லை என்றால் படகு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். முன்பாய் ஆளும் கூடவே பின்னால் வர வேண்டும் என்பதைப் புதிதாக ஏறும் மனைவிக்கோ தம்பிக்கோ கரையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

ஹோபி வேவ் இதற்கு நேர் எதிர். 1994-இல் வந்தது, மொரெல்லி, மெல்வின் இருவரின் வடிவமைப்பு. நீளம் 13 அடி, எடை 111 கிலோ, ஒரே பாய், 95 சதுர அடி. மிதவைகள் ஃபைபர் அல்ல. தண்ணீர்த் தொட்டி செய்கிற அதே வகைப் பாலிஎத்திலீனைச் சுழலும் அச்சில் வார்த்துச் செய்தவை. பாயின் அடியில் குறுக்குக் கழி கிடையாது, எனவே திரும்பும்போது தலையில் அடிக்க ஒன்றுமில்லை. பாய்மரம் 20 அடிதான். என்னால் தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிறது. பதினாறின் பாய்மரத்தை நிறுத்த இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஏரிக்கரையில் அது தினமும் கிடைக்கிற உதவி இல்லை. அணியங்கள் பருத்திருப்பதால் தண்ணீரில் குத்துவது அரிது. பாய்மர உச்சியில் ஒரு மிதவையைப் பொருத்திக்கொள்ளலாம். படகு படுத்தாலும் தலைகீழாகாது. நான் பொருத்தியிருக்கிறேன். பார்க்க அழகில்லை என்பார்கள். தனியாகப் போகிறவர்கள் அந்தப் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

வாங்கிய முதல் வாரமே, காற்று குறைந்த ஒரு காலையில், கரைக்கு நூறடி தள்ளி வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தேன். முதல் முயற்சியில் என் 68 கிலோவுக்கு அது வரவில்லை. பிறகு தாமானை முழுவதும் விடுவித்து, நீந்திப் போய் அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டுச் சாய்ந்தேன். பாயின் அடியில் காற்று நுழைந்து தூக்கியது, எழுந்துவிட்டது. எந்தப் படகை வாங்கினாலும் இந்த ஒத்திகையைச் செய்யாமல் நடு ஏரிக்குப் போகாதீர்கள். எழும் நொடியில் படகின் ஏதாவது ஒரு கயிறு கையில் இருக்க வேண்டும். நிமிர்ந்த படகு ஆளை விட்டுவிட்டு நகரத் தொடங்கினால் நீந்திப் பிடிக்க முடியாது.

வேவின் குறை வேகம். வெவ்வேறு படகுகளின் வேகத்தை ஒப்பிடும் அமெரிக்கப் போர்ட்ஸ்மத் கணக்கில் பதினாறுக்கு ஏறத்தாழ 76, வேவுக்கு ஏறத்தாழ 92. எண் குறையக் குறைய வேகம் அதிகம். பதினாறு 50 நிமிடத்தில் போகிற தூரத்துக்கு வேவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகஸ்ட் மாதத்து மெல்லிய காற்றில் இந்த வித்தியாசம் பொறுமையைச் சோதிக்கும். பிளாஸ்டிக் மிதவை கல்லில் மோதினால் தாங்கும்; ஆனால் ஒருமுறை விரிசல் விட்டால் ஒட்டுவது கடினம். ஃபைபரில் ஓட்டை விழுந்தால் ரெசினும் துணியும் வைத்து வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். டெக்சாஸில் இன்னொரு சின்ன லாபமும் உண்டு: 14 அடியோ அதற்கு மேலோ நீளமுள்ள பாய்ப்படகுகளைத்தான் பதிவு செய்ய வேண்டும். மோட்டார் மாட்டாத வேவ் அந்தக் கோட்டுக்குள் வராது.

ஹோபி 14 காகிதத்தில் தனி ஆளுக்கான சரியான படகு. சுமார் 109 கிலோ, ஒரே பாய், 118 சதுர அடி. வேவைவிட வேகம், பழைய படகு என்பதால் விலையும் மலிவு. ஆனாலும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முன்பாய் இல்லாமல், பதினாறைப் போன்ற அதே மிதவை வடிவத்தோடு இருப்பதால் திருப்புவதும் கடினம், அணியம் குத்துவதும் அதிகம். ஏற்கெனவே பாய்ப்படகு ஓட்டத் தெரிந்த, மெலிந்த உடல்வாகு உள்ள ஒருவருக்கு அது தங்கம்.

கெட்அவே குடும்பத்துக்கானது. பதினாறின் நீளம், வேவின் பிளாஸ்டிக், 177 கிலோ. நாலு பேர் சாப்பாட்டுக் கூடையோடு உட்காரலாம். தனி ஆள் கரையில் இழுக்கவே திணறுவார். இருவராக மட்டும் போகிறவர்களுக்கு இவ்வளவு எடை தேவையில்லை.

தனி ஆளுக்கு ஏ-கிளாஸ் இருக்கிறதே என்று நண்பர் கேட்டார். கார்பனில் செய்த, குறைந்தபட்ச எடை 75 கிலோ மட்டுமே உள்ள பந்தயப் படகு. கரையில் இறகு போலத் தூக்கலாம், விலையோ நெருப்பு. பந்தயக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். இங்கிலாந்திலோ பிரான்சிலோ இருக்கிறவர்கள் டார்ட் 18-ஐப் பார்க்கலாம். ராட்னி மார்ச் வடிவமைத்தது, 1976 முதல் ஓடுகிறது, குறுக்குக் கழியும் இல்லை, இறக்கும் பலகையும் இல்லை.

பழைய பதினாறு இங்கே டிரெய்லரோடு ஆயிரம் டாலரிலிருந்து மூவாயிரம் டாலருக்குள் கிடைக்கிறது. அந்த மலிவுதான் பலரை இழுக்கிறது. பார்க்கப் போனால் முதலில் மிதவையின் மேல்தளத்தை, தளத்தைத் தாங்கும் முன்தூண்களுக்கு முன்னால் இருக்கும் பகுதியை, கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே நுரையைவிட்டு ஃபைபர் பிரிந்திருந்தால் மெத்தென்று அமுங்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி சட்டென்று மந்தமாகும் இடம் கெட்டுப்போன இடம். அப்படி இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயது தெரியாவிட்டால் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். ஒன்று அறுந்தால் பாய்மரம் தலையில் விழும். பாய்மரத்தின் மேல்பகுதி மின்சாரம் கடத்தாத ஃபைபரா என்றும் பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போன பிறகு, 1980களில் கொண்டுவந்த மாற்றம் அது. அது இருந்தாலும், பாய்மரத்தை நிறுத்தும் முன் ஒருமுறை நிமிர்ந்து வானத்தைப் பாருங்கள்.

நண்பர் 74 கிலோ. மனைவிக்குத் தண்ணீர் பயம். மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். அவருக்கு வேவ்தான் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட வர ஒரு ஆள் உறுதியாக இருந்து, இருவரும் சேர்ந்து 130 கிலோவைத் தொட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பதினாறைச் சொல்லியிருப்பேன்.

என் வேவ் நான்காவது கோடையைப் பார்க்கிறது. மகள் இப்போது தாமானையும் சுக்கானையும் தனியாகவே சமாளிக்கிறாள். பக்கத்தில் பதினாறு ஒன்று சீறிக்கொண்டு போகும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்கு 41 கிலோ. என் 68-ஐச் சேர்த்தால் 109. இன்னும் இருபது வேண்டும்.