சைக்கிள் ஃபிட்டிங்குக்கு 2,400 ரூபாய் கொடுத்துக் கை மரத்துப்போன கதை

வேலூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பாகாயத்திலிருந்து அமிர்தி வரை போய் வந்த நாளில் முட்டிக்கு முன்பக்கம் வலித்தது. சீட் தாழ்வாக இருந்தால் அப்படி வலிக்கும். ஒரு கடையில் 1,500 ரூபாய்க்கு ஃபிட்டிங், அதாவது சீட்டையும் ஹேண்டில்பாரையும் என் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள், போனேன்.

அங்கிருந்த பையன் என்னை ஏறி உட்காரச் சொன்னான், ஒரு பார்வை பார்த்தான், சீட்டை உருவி ஏற்றினான். டேப்பைக் கையிலேயே எடுக்கவில்லை. சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்து, "ரேசிங் பொசிஷன்ணா இது" என்று நீளமான ஸ்டெம் (ஹேண்டில்பாரை சைக்கிளோடு இணைக்கும் பாகம்) ஒன்றையும் மாட்டிவிட்டான். அதற்குத் தனியாக 900. மொத்தமே பத்து நிமிஷ வேலை.

மறுநாள் ஆரணி ரோட்டில் கணியம்பாடி வருவதற்குள் இரண்டு சுண்டுவிரலும் மரத்துவிட்டன. மூக்கு சாய்ந்த சீட்டில் உடம்பு முன்னால் வழுக்கும், அந்தப் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். முன்பக்க வலி போய் முட்டிக்குப் பின்னால் இழுத்தது. பின்னால் வந்த நண்பர், "என்னங்க, மிதிக்கும்போது இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுதே" என்றார்.

வீட்டில் நானே அளந்தேன். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, தடிமனான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால், தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு 79 செ.மீ. அதை 0.883-ஆல் பெருக்கினால் 69.8. கிராங்கின் நடுவிலிருந்து, அதாவது பெடல் தண்டுகள் சுற்றும் அச்சிலிருந்து, சீட்டின் மேல்பக்கம் வரை ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். முதலில் எனக்கு 67 இருந்தது. பையன் 74-க்கு ஏற்றியிருக்கிறான்!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில், இதற்கு மேல் உருவக்கூடாது என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும். என் சைக்கிளில் இரண்டு விரற்கடை வெளியே தெரிந்தது. ஒரு பெரிய பள்ளம் போதும், போஸ்ட் முறியலாம், ஃபிரேமே விரிசல் விடலாம்.

திரும்பப் போய்க் கேட்டால், "பழகினா சரியாயிடும்ணா" என்கிறார்கள். பழைய ஸ்டெம்? "அது ஸ்கிராப்ல போயிடுச்சே." ரசீது வாங்காதது என் தப்பு.

இப்போது சீட்டை இறக்கி மட்டமாக வைத்துவிட்டேன். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராகிறது, முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்குகிறது. வலி இல்லை. கைக்கு மட்டும் இன்னும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 31.8 மி.மீ. அளவு ஹேண்டில்பாருக்கு 80 மி.மீ. ஸ்டெம் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.