திருநெல்வேலி டவுன் மோட்டார் ரிப்பேர் கடை கைமாறி ஒன்றரை வருடம்: மாவு வியாபாரம் செய்கிறவளின் அனுபவம்

பேட்டையிலிருந்து மதினி போன் பண்ணியிருந்தார்கள். "டவுன்ல நம்ம மோட்டார் கடையை யாரோ வாங்கி எடுத்துக் கட்டியிருக்காங்களாமே, எங்க கிரைண்டரை அங்க குடுக்கலாமா, வேண்டாமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. கை மாறிய பிறகு இரண்டு சீலிங் ஃபேன், ஒரு மிக்ஸி, கடைசியாகத் தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கையில் கருகிப்போன கிரைண்டர் மோட்டார் என்று மூன்று தடவை போய் வந்துவிட்டேன். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

மீனாட்சிபுரத்தில் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறேன். அரை ஹெச்.பி. டில்டிங் கிரைண்டர். அது ஒரு நாள் நின்றால் நாற்பது வீட்டில் இட்லி கிடையாது.

பழைய கடை நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் ஒழுகும். ஃபேன் றெக்கைகளும் மிக்ஸி கூடுகளும் மோட்டு வரைக்கும் குவிந்து கிடக்கும். "நாளைக்கு வாங்க தாயி" என்று அண்ணாச்சி வாய்தா போட்டால் அது பத்து நாள். 2018-ல் சட்னி ஜாருக்கு புஷ் மாற்றக் கொடுத்தேன். அந்த ஜார் குவியலுக்குள் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

ஆனால் வேலை மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு மர ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்து நம் சாமானைப் பிரிப்பதைப் பார்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்து, கிரைண்டர் முழுசாக முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் அண்ணாச்சிக்குப் போன் போட்டால் முதலில் சொன்னது, "சுவிட்சை மட்டும் போட்டுராதீங்க தாயி. ஈரத்தோட கரண்டு போனாத்தான் காயில் போகும்." மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருளைத்தான் காயில் என்பார்கள். மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோனோம். நல்ல தண்ணீரில் வண்டலைக் கழுவி, குண்டு பல்பு வெக்கையில் இரண்டு நாள் காயவைத்து, கரண்டு கசிகிறதா என்று காட்டுகிற மெகர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த மோட்டாருக்குப் புதுக் காயில் தேவையில்லை என்றார். வண்டல் ஏறிய பேரிங்கும் கெப்பாசிட்டரும் மாற்றியதோடு சரி. அந்த நேரம் "எல்லாம் போச்சு, மாத்தணும்" என்று சொல்லியிருந்தாலும் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

அன்றைக்குப் பக்கத்திலேயே வேறொருவர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கையாள் அண்ணன், பழைய காயிலை வெட்டி உருவி, ஒவ்வொரு சுற்றாக எண்ணி நோட்டில் எழுதினார். புதுக் கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டிக் காட்டினார். வார்னிஷுக்கு அடியில் செக்கச்செவேல் என்று இருந்தது. "வெள்ளையா இருந்தா அலுமினியம்க்கா, வாங்கிராதீங்க" என்றார். அதே தடிமன் கம்பியில் செம்பு கடத்துகிற கரண்டில் 61 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். செம்புக் கம்பிக்கென்று அளவு பார்த்த இடத்தில் அதைச் சுற்றினால் மோட்டார் சூடேறும். எடையிலும் செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் அண்ணாச்சி கம்பியைத் தராசில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் சுற்றுவார். பழைய செம்புக்கு உள்ள விலையையும் நம் கண்ணெதிரே கழித்துவிடுவார்.

மறு சித்திரையில் அண்ணாச்சி கடையைக் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வாங்கியவர் சின்னப் பையன், கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கூரையைப் பிரித்து ஷீட் போட்டு, தரைக்கு டைல்ஸ், சுவர் முழுக்க டப்பா டப்பாவாக ஸ்பேர் சாமான். கையாள் அண்ணனை அனுப்பவில்லை, சம்பளம் போட்டு வைத்துக்கொண்டார். பெரிய மனசு.

அந்தக் குவியலை அவர் காயலான் கடைக்குத் தூக்கிப் போடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொன்றையும் எடுத்து, கட்டியிருந்த சீட்டைப் படித்து, நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். எனக்கும் வந்தது. போய்ப் பார்த்தால் என் சட்னி ஜார்! ஆறு வருடத்துக்குப் பிறகு, புது புஷ்ஷும் பிளேடும் போட்டு, கழுவித் துடைத்து வைத்திருந்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஜாரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது சொன்ன தேதிக்குச் சாமான் கிடைக்கிறது. பில் உண்டு, மூன்று மாத வாரண்டி உண்டு. அப்புறம் என்ன என்று கேட்பீர்கள்.

வேலை மேசைக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடி போட்டுவிட்டார். வெறும் கண்ணாடி என்றால்கூடப் பரவாயில்லை, மேலிருந்து கீழ்வரைக்கும் கிரைண்டர் படம் போட்ட ஸ்டிக்கர். ஸ்டூலைக் காணோம். மோட்டாரை வாங்கி உள்ளே கொண்டுபோனால் அதோடு நமக்கு ஒன்றும் தெரியாது. தீபாவளி நேரத்தில் மோட்டார் கருகியபோது, "காயில் கட்டும்போது நான் பார்க்கணும்" என்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "உள்ள யாரையும் விடுறதில்லக்கா, கரண்டு வேலை" என்றது. "சரி, பழைய செம்பையாவது காட்டு" என்றேன். "அதெல்லாம் ரேட்லயே கழிச்சாச்சு." பில்லில் காப்பர் வைண்டிங் என்று அச்சடித்திருக்கிறது. எந்தக் கடைப் பில்லில்தான் அலுமினியம் என்று அச்சடிப்பார்கள்?

இரண்டு நாளில் தருகிறோம் என்றார்கள், இரண்டாம் நாள் மத்தியானமே வந்துவிட்டது. மூன்று ஈடு தொடர்ந்து அரைத்துவிட்டு மோட்டார் மேல் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தேவையில்லாத சூடுதான். உள்ளே இருப்பது செம்பாகத்தான் இருக்கும், கட்டியதும் அந்தக் கையாள் அண்ணனின் கைதான். ஆனாலும் என் பிழைப்பு அந்தக் கம்பியில் ஓடுகிறது. அதன் நுனியைச் சுரண்டிக் காட்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதை மறைக்கிற ஸ்டிக்கரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவில்லை.

மதினிக்கு இப்படித்தான் சொன்னேன்: ஃபேனும் மிக்ஸியும் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். கிரைண்டர் மோட்டாரை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். "உனக்கு நல்லாத்தானே கட்டிக் குடுத்திருக்காங்க?" என்றார்கள். நன்றாகத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் கொடுக்காதீர்கள் என்றேன்.

அடுத்த மாதம் பெல்ட் மாற்ற வேண்டும். அன்றைக்கு முதலாளித் தம்பியே இருந்தால் நேரில் கேட்கப் போகிறேன்: கண்ணாடி இருக்கட்டும் தம்பி, அந்த ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடுங்கள், ஒரு ஸ்டூல் போடுங்கள்.