டேன்டீ தூள்: ருசியும் அதன் பின்னால் இருக்கும் நிர்வாகமும்

டேன்டீ என்பது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். அதன் தூளில் போடும் டீக்கு நிறம் நன்றாக இறங்குகிறது. பால் சேர்த்தாலும் மணம் அடங்கிப்போவதில்லை. இஞ்சி தட்டிப் போட ஏற்ற தூள். அதிகம் கொதிக்கவிட்டால் மட்டும் துவர்ப்பு ஏறிவிடும்.

எங்கள் வீட்டில் இதை வாங்குவது ருசிக்காக மட்டுமல்ல. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை தர, வனத்துறை 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976-இல் இந்த அரசு நிறுவனம் ஆனது. என் பாட்டியும் அப்படி வந்தவர்தான். கூடலூர் பக்கம் கொழுந்து பறித்தே பிள்ளைகளை வளர்த்தார்.

அதனால் லாப நஷ்டம் ஒன்றை வைத்து மட்டும் இதை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நஷ்டத்தைக் காட்டி 2022-இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு முடிவெடுத்தபோது கோபம்தான் வந்தது. காடு திரும்பட்டும், சரி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் எங்கே போவார்கள்? நிர்வாக இயக்குநராக வனப்பணி அதிகாரிகள் வருகிறார்கள், அப்புறம் மாற்றலாகிப் போகிறார்கள். புதிதாக நட்ட தேயிலைச் செடியோ முழு விளைச்சல் தரவே பல வருடம் எடுக்கும். செடியின் வயதுக்கு ஏற்ற நீண்ட திட்டமும், இயக்குநர் குழுவில் தொழிலாளர் ஒருவருக்கு இடமும் வேண்டும்.

தூளுக்கு ஐந்தில் நான்கு தருவேன். குன்னூர் போனால் வாங்கிப் பாருங்கள்.