எலும்பைத் திருப்புவதா, மூட்டையே மாற்றுவதா?

பிறவியிலேயே என் இடுப்பு மூட்டுக் குழிக்கு ஆழம் போதாது. மகள் பிறந்த பிறகுதான் அது தெரிந்தது. தொட்டிலிலிருந்து அவளைத் தூக்கும்போதெல்லாம் கவட்டில் கத்தி இறங்கியது போல் வலிக்கும். மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார்.

ஒன்று, குழியைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டி, தொடையெலும்பின் பந்து போன்ற தலையை நன்றாக மூடும்படி திருப்பி, திருகாணிகளால் பொருத்துவது. 1984-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ட்ஸ் தொடங்கிய முறை. மூட்டு நம்முடையதாகவே இருக்கும். ஆனால் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், ஊன்றுகோல்தான். இரு கையிலும் கோல் இருந்தால் ஒரு டம்ளர் பாலைக்கூட அடுக்களையிலிருந்து கொண்டுவர முடியாது. குழந்தையை எங்கே தூக்குவது?

மற்றது செயற்கை மூட்டு. பெரும்பாலும் மறுநாளே காலூன்றி நடக்கலாம். ஆனால் 25 ஆண்டு தாண்டி உழைப்பவை ஏறத்தாழ 58 சதவீதம்தான். எழுபது வயதில் அது கவலையில்லை. முப்பதில் செய்துகொண்டால் மறு அறுவைக்கு வாய்ப்பு அதிகம். மூட்டு நழுவக்கூடும் என்பதால் தொடக்கத்தில் குந்துவதையும் தாழ உட்காருவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். தரையில் அமர்ந்து சோறூட்டும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

குருத்தெலும்பு தேய்ந்தவர்களுக்குச் செயற்கை மூட்டே நிம்மதி. எனக்குத் தேயவில்லை, முதல் வழியைத் தேர்ந்தேன். அம்மா இரண்டு மாதம் வந்து தங்கினார். "தூக்கும்மா" என்று கை நீட்டிய மகள், தானே கட்டிலேறி என் பக்கத்தில் படுக்கப் பழகிக்கொண்டாள்.