ஓ.டி. மேட்ரிக்ஸைக் கவுண்ட்டோடு பொருத்தும் ஸ்பீஸ் முறை: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

நகரத்தைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு எத்தனை வண்டி போகிறது என்று சொல்லும் அட்டவணை ஓ.டி. (புறப்படும் இடம்–சேரும் இடம்) மேட்ரிக்ஸ். வீடு வீடாகப் போய்க் கேட்டு அதைத் தயாரிக்கும் ஆய்வு எப்போதோ ஒருமுறைதான் நடக்கும். நடுவில் வருகிற திட்டங்களுக்கெல்லாம் அந்தப் பழைய மேட்ரிக்ஸைத்தான், இப்போது சாலையில் எடுத்த கவுண்ட்டுக்கு (வண்டி எண்ணிக்கைக்கு) ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ஹைன்ஸ் ஸ்பீஸ் 1990-ல் எழுதிய கிரேடியன்ட் முறையைச் சென்னை வேலைகளில் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

முறை எளிது. மேட்ரிக்ஸைச் சாலைகளில் ஏற்றி, யாரும் வழி மாற்றி நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாத வார்ட்ராப் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். மாடல் காட்டும் எண்ணுக்கும் கவுண்ட்டுக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை குறையும் திசையில் ஒவ்வொரு புறப்படும்–சேரும் மண்டல ஜோடியின் எண்ணையும் ஒரு பெருக்கெண்ணால் ஏற்றியோ இறக்கியோ, திரும்பவும் அசைன்மென்ட்டை, அதாவது சாலைகளில் ஏற்றும் அந்த வேலையை, ஓட்ட வேண்டும். வழிகளையெல்லாம் சேமித்து வைக்கத் தேவையில்லை என்பதால் பெரிய நெட்வொர்க்கிலும் சாதாரணக் கணினியே போதும். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெருக்கல் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. பழைய மேட்ரிக்ஸில் பூஜ்யமாக இருந்த ஜோடி கடைசிவரை பூஜ்யமாகவே இருக்கும். ஆய்வு நடந்தபோது வெறும் நிலமாக இருந்து இப்போது அலுவலகங்கள் நிற்கிற மண்டலத்துக்கு, எத்தனை சுற்று ஓட்டினாலும் ஒரு வண்டிகூடப் போகாது. அப்படிப்பட்ட இடங்களில் சின்னதாக ஒரு எண்ணை நாமே விதைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நெரிசல்தான் உண்மையான தலைவலி. காலை நேரத்தில் கத்திப்பாரா பக்கம் ஒரு லேனில் மணிக்கு 900 வண்டி என்று கவுண்ட் வருகிறது என்று வையுங்கள். சாலை காலியாக இருந்தாலும் 900 வரலாம், முன்னால் அடைத்துக்கொண்டு வண்டிகள் ஊர்ந்து வந்தாலும் 900 வரலாம். இரண்டாவதில் போக விரும்பியவர்கள் 900 பேர் இல்லை, போக முடிந்தவர்கள்தான் 900. கணக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது தேவையை 900-க்கு இறக்கிவிட்டு, அருமையாகப் பொருந்திவிட்டதாகக் காட்டும். எங்கே நெரிசல் மோசமோ அங்கேதான் தேவை குறைவாகத் தெரியும்! இதை வைத்து மேம்பாலத்துக்கு வடிவமைப்பு செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் வரிசைக்குள் எடுத்த கவுண்ட்டை நான் அப்படியே உள்ளே விடுவதில்லை. வரிசையின் வால் எட்டாத இடத்து கவுண்ட்டை எடுப்பேன். அது கிடைக்காவிட்டால், அந்த மணி நேரத்தில் வரிசை எவ்வளவு நீண்டது என்பதைக் கூட்டிக்கொள்வேன்: 900 கடந்து போய், வரிசையில் 150 கூடியிருந்தால் தேவை 1,050. எது வரிசை, எது காலிச் சாலை என்று பிரிக்க ஜி.பி.எஸ். வேகத் தரவு கைகொடுக்கிறது.

சாலையில் வண்டி கூடக்கூடப் பயண நேரம் எவ்வளவு கூடும் என்று சொல்ல எல்லோரும் போடுகிற பி.பி.ஆர். சூத்திரத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். வழக்கம்போல 0.15-ஐப் பெருக்கெண்ணாகவும் 4-ஐ அடுக்காகவும் வைத்தால், கொள்ளளவைப்போல ஒன்றரை மடங்கு வண்டிகளை ஏற்றினாலும் அது 76 சதவீதம் கூடுதல் நேரம் என்று சொல்லி எல்லாவற்றையும் அனுப்பிவிடும். நிஜச் சாலையில் அந்த வண்டிகள் கடக்கவே கடக்காது.

அப்புறம் நம்மூர்க் கதை, பைக். ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) 106-1990 நெறிமுறைப்படி ஓட்டத்தில் பைக்கின் பங்கு 5 சதவீதம் என்றால் ஒரு பைக் 0.5 காருக்குச் சமம், 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 0.75 கார். 3,000 பைக்குக்கு இது 1,500-ஆ 2,250-ஆ என்று மாறும். சென்னையில் 0.75-தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய மேட்ரிக்ஸ் எதில் போடப்பட்டது என்று விசாரிக்காமல் தொடங்கினால், அந்த 750-ஐயும் கணக்கு 'புதிய பயணம்' என்று எழுதிவைத்துவிடும்.

மாடலும் கவுண்ட்டும் எவ்வளவு நெருக்கம் என்று அளக்கும் ஜி.இ.எச். எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 1,200 கவுண்ட்டுக்கு மாடல் 1,035 காட்டினாலும் 5-க்குள் பாஸ்தான். 200 மண்டலம் என்றால் கிட்டத்தட்ட 40,000 ஜோடி. கவுண்ட் எடுத்த இடங்கள் சில நூறு இருந்தாலே பெரிது. எத்தனையோ மேட்ரிக்ஸ்கள் அதே அளவுக்குப் பொருந்தும். நான் முதலில் பார்ப்பது சராசரிப் பயண தூரத்தை. கவுண்ட்டைச் சரிக்கட்டக் குட்டிப் பயணங்களைப் பெருக்கிவிடுவது இந்த முறையின் பழக்கம். இங்கிலாந்துப் போக்குவரத்துத் துறையின் டாக் (TAG) வழிகாட்டி, திருத்தத்துக்குப் பின் சராசரி 5 சதவீதத்துக்குமேல் நகரக் கூடாது என்கிறது. அதைத் தாண்டினால் பழைய மேட்ரிக்ஸிலிருந்து விலகுவதற்கும் அபராதம் சேர்த்து மறுபடி ஓட்டுகிறேன்.

புறவழிச் சாலை, வெளிவட்டச் சாலை வேலைகளுக்குத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தி.நகர் மாதிரி நாள் முழுக்க அடைத்துக்கிடக்கும் இடத்துக்கு இது மட்டும் போதாது. வண்டி வண்டியாக ஓடவிட்டுப் பார்க்கும் சூமோ (SUMO) போன்ற சிமுலேஷனோடு, எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் சற்று அசைத்துத் திசை பார்க்கும் எஸ்.பி.எஸ்.ஏ. முறையை ஓட்டிப் பாருங்கள். எத்தனை ஜோடி இருந்தாலும் ஒரு சுற்றுத் திசையறிய இரண்டே ஓட்டம்தான், ஆனால் முடிவு தள்ளாடும், நேரமும் தின்னும்.