சூடையா, பருப்பா, டின் பவுடரா?

அக்காவின் மகன் உப்புவெளியில் ஜிம்முக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம். போன கிழமை ஒரு டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "மாமா, இது முழுக்க அமினோ அமிலம். இனி மீன், பருப்பு ஒன்றும் தேவையில்லையாம்." திருப்பிப் பார்த்தேன். லியூசின், ஐசோலியூசின், வாலின். மூன்றே மூன்று.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. நம் உடம்பின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அதில் 11ஐ உடம்பே செய்துகொள்ளும். மீதி 9ஐயும் சாப்பாட்டில்தான் எடுக்க வேண்டும். புரதம் கட்டத் தொடங்கு என்று தசைக்குச் சைகை காட்டுவது லியூசின்தான், அது உண்மை. ஆனால் மேசன் வந்து நிற்கிறார், கல்லும் சீமெந்தும் வரவில்லை என்றால் சுவர் எழும்புமா? வயிற்றில் வேறு சாப்பாடு இல்லாவிட்டால் மற்ற ஆறையும் உடம்பு தன் தசையை உடைத்துத்தான் எடுக்கும். தசை மட்டுமா? மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் ஆவது டிரிப்டோபான். பினைல்அலனின் டைரோசீனாக மாறி, அதிலிருந்து தைராய்டு ஹார்மோனும் அட்ரினலினும் வருகின்றன. டிரிப்டோபானும் பினைல்அலனினும் அந்த ஒன்பதில் உள்ளவை, ஆனால் அந்த டின்னில் இல்லை.

சரி, சூடை மீனுக்கு வருவோம். காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போனால், மணல் ஒட்டிய வெள்ளிபோல் கிடக்கும். நூறு கிராம் சதையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், ஒன்பது அமிலங்களும் போதிய அளவில். என் முதல் ஓட்டு இதற்கே. ஒரேயொரு கவனம். சூடை, சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவக்கும், தலை இடிக்கும், தோல் தடிக்கும். நாக்கில் மிளகுபோல் சுள்ளென்றால் அந்த மீனைத் துப்பிவிடுங்கள்.

பருப்பும் சோறும் ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த ஒன்பதில் லைசீன் சோற்றில் குறைவு, பருப்பில் தாராளம். இன்னொன்றான மெத்தியோனீன் பருப்பில் குறைவு, அதைச் சோறு கொடுக்கும். ஒரே நேரத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றும் இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் சேர்ந்தால் காணும். கந்தசஷ்டி ஆறு நாளும் மரக்கறிதான் என்றாலும் பயமில்லை.

பிரச்சினை அளவில்தான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். அவித்த பருப்பு நூறு கிராமில் 9 கிராம்தான். குன்றுபோல் சோறு, மேலே இரண்டு கரண்டி தண்ணிப் பருப்பு என்றால் எட்டாது. சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கெட்டியாக வையுங்கள். கௌபி, முட்டை, சட்டித் தயிர் ஏதாவது சேருங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவை முடிவு செய்யட்டும்.

டின்னைக் காசு கொடுத்து வாங்கிவிட்டான், முடியும் வரை குடிக்கட்டும். ஆனால் சூடைக் குழம்புக்குப் பதிலாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவனைவிட அக்காவைப் பற்றித்தான் கவலை. மீனெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, கடைசியாகச் சட்டியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவள் அவள். அந்த ஒன்பதும் எட்டாமல் போவது அவள் தட்டுக்குத்தான்.