மசினகுடியில் ராத்திரி 'ஆஃப்ரோடு' ஜீப்புக்குக் கூப்பிட்டால் ஏறாதீர்கள்

போன மாதம் நீலகிரியில், முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடியில் நாங்கள் பட்டது இது. வாரக்கடைசிக்கு அங்கே கிளம்புகிறவர்கள் முழுதும் படியுங்கள்.

தங்கிய இடத்துக்காரரேதான் ஜீப்காரரைக் கூட்டிவந்தார். ராத்திரி 8 மணிக்கு மேல் இரண்டு மணி நேரம், ஓடையிலும் சேற்றிலும் வண்டி ஏறி இறங்கும், யானை கட்டாயம் பார்க்கலாம், ஆளுக்கு 1,200 ரூபாய். "பர்மிஷன் இருக்குங்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். "ஃபாரஸ்ட்ல எல்லாம் நம்ம ஆளுங்கதாங்கண்ணா, அதுக்கும் சேர்த்துத்தான் இந்த ரேட்டு" என்றார். நான்கு பேருக்கு 4,800 ரூபாயை அப்போதே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

ஏறும்போதுதான் பார்த்தேன், வெள்ளை போர்டு வண்டி, அதாவது வாடகைக்கு ஓட்டக்கூடாத சொந்த உபயோக வண்டி. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ரோட்டைவிட்டு ஓடைத் தடத்தில் இறங்கியதும் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, "யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க, பாப்பாகிட்டயும் சொல்லி வைங்க" என்றார். என் மகளுக்கு 9 வயது. அந்த இருட்டில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

கால் மணி நேரத்தில் வனக்காவலர்கள் டார்ச் அடித்து நிறுத்தினார்கள். காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. நள்ளிரவு தாண்டியும் ஆபீசில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கும் அபராதம். "ஏமாந்துட்டோம் சார்" என்று சொல்லிப் பார்த்தோம். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காப்புக்காடு என்றால் 1882 தமிழ்நாடு வனச் சட்டம். ஓட்டினவர், உட்கார்ந்தவர் என்ற பேதமில்லை என்று வனவர் பொறுமையாகவே விளக்கினார். 2022 திருத்தத்துக்குப் பிறகு 1972 சட்டத்தில் 3 ஆண்டு சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். வெள்ளை போர்டை வாடகைக்கு ஓட்டுவது தனிக் குற்றம். வண்டி கவிழ்ந்திருந்தால் இன்சூரன்சும் கைகொடுத்திருக்காது.

பிறகு தேடிப் படித்தபோது அபராதத்தைவிட இதுதான் வலித்தது. மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு நடுவே யானைகள் போய்வரும் சீகூர் வழித்தடம் அந்தப் பக்கம்தான். 2010இல் அரசு அறிவித்த அந்த வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், இதே மசினகுடியில் எரியும் டயரை வீசி ஒரு யானையைச் சாகடித்தார்கள். அதுகளின் பாதையில்தான் நாங்கள் காசு கொடுத்துச் சேறு வாரி இறைத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சொந்தக்காரங்கன்னு சொல்லியிருந்தா பிரச்சனையே வந்திருக்காதுங்க" என்று எங்கள்மேலேயே பழியைப் போட்டார் ஜீப்காரர். தங்கிய இடத்துக்காரரோ தனக்கும் ஜீப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

காட்டைப் பார்க்க ஆசையென்றால் பக்கத்திலிருக்கும் தெப்பக்காட்டில் வனத்துறையே காலையிலும் மாலையிலும் வண்டி விடுகிறது, டிக்கெட் கொடுத்து. ராத்திரியில் அவர்களும் விடுவதில்லை.